பாட்டி வீட்டு மஸ்லெனித்ஸா

ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கோரோத் நகரில் படித்தபோது ஒரு பாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். 2018 ஜனவரியில் ஒருநாள் ரசத்துக்குக் கடுகும் வரமிளகாயும் தாளித்தேன். பாட்டிக்கு இருமல் நிற்கவில்லை. அந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இனிமேல் இங்கே இது கூடாது" என்று கத்தினார். நானும் ஏதோ பதில் பேசிவிட்டேன். அப்புறம் ஒரு மாதம் இருவருக்கும் பேச்சே இல்லை.

பிப்ரவரி 12, திங்கள். காலையில் அடுப்படியிலிருந்து வெண்ணெய் உருகும் வாசனை. மஸ்லெனித்ஸா தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக்கு முன்னால் வரும் வாரம் இது. இறைச்சியை முந்தின ஞாயிறோடு நிறுத்திவிடுவார்கள். பால், வெண்ணெய், முட்டை, மீன் உண்டு. வெண்ணெயைக் குறிக்கும் 'மாஸ்லோ' என்ற சொல்லிலிருந்துதான் பண்டிகைக்கே பெயர்.

பாட்டி பிளினி என்ற மெல்லிய அப்பங்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, வாணலியில் தேய்த்தார். அம்மா தோசைக்கல்லில் தேய்ப்பதும் அப்படியேதான். வாசலிலேயே நின்றுவிட்டேன். முதல் பிளின் பிய்ந்து சுருண்டது. "பெர்விய் பிளின் கோமம்" என்று முணுமுணுத்தார். முதல் பிளின் கட்டியாகத்தான் வரும் என்று அங்கே ஒரு பழமொழி. எங்கள் வீட்டிலும் முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை மருமகன் மாமியார் வீட்டுக்குப் பிளினி சாப்பிட வரும் நாள். பாட்டியின் மருமகனும் வந்தார். புளித்த பாலேடான ஸ்மெதானா, ஜாம், மீன்முட்டை என்று மேசை நிறைந்திருந்தது. எனக்கும் ஒரு தட்டு வந்தது, பேச்சில்லாமல்.

ஞாயிறு மதியம் மைதானத்துக்குப் போனேன். நம்மூர் வழுக்குமரம் போல ஒரு கம்பம். அந்தக் குளிரிலும் இளைஞர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, உச்சியில் கட்டியிருந்த பரிசுக்காக ஏறினார்கள். கடைசியில் தலைக்குட்டை கட்டிய வைக்கோல் பொம்மையைக் கொளுத்தினார்கள். குளிர்காலத்தை வழியனுப்புகிறார்களாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு மஸ்லெனித்ஸா என்றால் அன்று சாயங்காலம்தான். கதவைத் தட்டிய பாட்டி, லேசாகக் குனிந்து, "பிரஸ்தி மென்யா" என்றார். என்னை மன்னித்துவிடு. எழுபது வயதுக்காரர் என் முன்னால் குனிந்து நிற்கிறார். எனக்கு வாய் வரவில்லை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது மன்னிப்பு ஞாயிறு என்பதும், நோன்புக்குள் நுழையுமுன் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள் என்பதும், "கடவுள் மன்னிப்பார், நீயும் என்னை மன்னித்துவிடு" என்று பதில் சொல்ல வேண்டும் என்பதும் மறுநாள் வகுப்புத் தோழி சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த ஆண்டு மன்னிப்பு ஞாயிறு மார்ச் 10 அன்று வந்தது. விடிந்ததும் அடுப்படிக்குப் போய், மரியாதைச் சொல்லாகவே, "பிரஸ்தீத்யே மென்யா" என்றேன். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் முத்தமிட்டார். அப்புறம் அலமாரியைத் திறந்து என் கடுகு டப்பாவை எடுத்து நீட்டினார்.