சஸ்பென்ஷன் முழுக்க மாற்றச் சொல்கிறார்கள், அவசரம்

கோவைக்காரன்:
வேலை விஷயமாகக் குடும்பத்தோடு கொழும்பு வந்திருக்கிறேன். வீட்டுச் சாமான்கள்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் கார் படுத்துகிறது. மேடு பள்ளத்தில் கீழே டக் டக் என்று சத்தம். கராஜில் காட்டினால் நாலு ஷாக் அப்சார்பர், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ், எல்லாமே போச்சு, மொத்தமாக மாற்றணும் என்கிறார்கள். தொகையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. எனக்குச் சிங்களம் தெரியாது. அவர் எதையோ தொட்டுக் காட்டுகிறார், நான் தலையாட்டுகிறேன். வண்டி இப்போது ஜாக்கில் நிற்கிறது. சனிக்கிழமை மாமனார் மாமியார் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறார்கள், அப்படியே நுவரெலியா போவதாகத் திட்டம். மாற்றலாமா, வேண்டாமா?

வெள்ளவத்தைவாசி:
தம்பி, வந்தவுடனே கார் எதற்கு? காலி வீதியில் (Galle Road) பஸ் இருக்கிறது, போனில் கூப்பிட பிக்மீ டாக்ஸி இருக்கிறது. காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

மழைக்கால அக்கா:
விற்பதெல்லாம் பிறகு. நான் சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் திருச்சியிலிருந்து வந்த புதிதில் தெஹிவளையில் ஒரு அனெக்ஸ். வீட்டுக்காரர் மொத்த அட்வான்ஸையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார், மழை வந்தால் சமையலறையில் வாளி வைக்க வேண்டும். அவர் மனைவி சிங்களத்தில் ஏதாவது கேட்டால் நான் சிரித்தே சமாளித்தேன். உங்கள் பிரச்சினையும் கார் இல்லை, மொழிதான். காய்கறிக் கடையில் ஆரம்பியுங்கள், எண்கள் முதலில் வரும்.

கோவைக்காரன்:
நன்றி அக்கா, ஆனால் மெக்கானிக் எதிரிலேயே நிற்கிறார்.

மருதானைப் பக்கம்:
புதிது வாங்காதீர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ரீகண்டிஷன் ஷொக் கிடைக்கும். ஒரிஜினல் ஒரிஜினல்தான். மலிவுப் புதுச் சாமானைவிட அது எத்தனையோ மேல்.

கிரீஸ்கை:
ஷொக்கையும் புஷ்ஷையும் அப்படி வாங்கவே கூடாது. கியர்பொக்ஸ், கதவு, கண்ணாடி என்றால் சரி. ரப்பரும் ஒயில் சீலும் ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். அங்கே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? பழசைக் கழற்றிப் பழசைப் பூட்டக் கூலி கொடுப்பதா?

மருதானைப் பக்கம்:
என்னுடையது இன்னும் ஓடுகிறது.

கிரீஸ்கை:
ஓடும், எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

வெள்ளவத்தைவாசி:
2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. அதனால்தான் ஊர் முழுக்கக் கிழட்டுக் கார்கள். மீட்டரைத் திருப்பி வைத்து வேறு விற்கிறார்கள்.

மழைக்கால அக்கா:
வீதியைச் சொல்லுங்கள். தோண்டி மூடினால் மேடு, மூடாவிட்டால் குழி. மேன்ஹோல் மூடி எல்லாம் இடது பக்கம்தான்.

மருதானைப் பக்கம்:
கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார் என்றால் உப்புக் காற்றில் போல்ட் இறுகிவிடும். கூலி கூடுவதற்கு அதுவும் காரணம். கராஜ்காரரை மட்டும் திட்டாதீர்கள்.

கிரீஸ்கை:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை என்ன கார் என்றே இன்னும் சொல்லவில்லை. தம்பி, என்ன கார், எவ்வளவு ஓடியிருக்கிறது, சத்தம் முன்னாலா பின்னாலா?

கோவைக்காரன்:
டொயோட்டா ஆக்ஸியோ, 2008. மீட்டரில் 1,87,000. முன்னால் இடது பக்கம். சின்னச் சின்ன மேட்டில்தான் அதிகம். பிரேக் போட்டால் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் இல்லை.

கிரீஸ்கை:
இதை முதலே சொல்லியிருக்கலாம். சின்ன மேட்டில் வேகமாக டக் டக் என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க், வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியை ஷொக்கோடு இணைக்கிற சின்னத் தண்டு. இந்த வேலையில் மலிவான சாமான்களில் அதுவும் ஒன்று. பிறேக் பிடிக்கும்போது ‘தொம்’ என்றால் லோவர் ஆர்ம் புஷ். நிறுத்தி வைத்து ஸ்டியரிங் திருப்பும்போது முனகினால் ஷொக்கின் மேலே இருக்கிற மவுன்ட்.

கார் ஜாக்கில்தானே இருக்கிறது? அடியில் ஸ்டாண்ட் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் ஜாக்கை நம்பிக் கீழே கை விடவேண்டாம். இடது லிங்கைக் கையால் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். பிறகு ரயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரப் பக்கத்தை ஆர்மோடு இணைக்கும் போல் ஜொயின்ட் அல்லது வீல் பெயரிங். இடம் வலமாக ஆடினால் ஸ்டியரிங்கோடு சேரும் டை ரொட் என்ட், இல்லாவிட்டால் ரெக் என்ட். கடைசியாக ஷொக்கின் உடம்பைத் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டியிருந்தால் சரி, ஒயில் கசிந்து ஈரமாக இருந்தால் போய்விட்டது.

போல் ஜொயின்டில் ஆட்டம் கண்டால் பேரம் பேசாதீர்கள், இன்றே மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரம் சரிந்துவிடும். இந்தக் காரில் அது ஆர்மில் தனியாகப் பூட்டியது, அதற்காக முழு ஆர்மையும் வாங்கத் தேவையில்லை.

கோவைக்காரன்:
பார்த்துவிட்டேன். இடது லிங்க் கையிலேயே லொட லொட என்று ஆடுகிறது, ரப்பர் உறையும் கிழிந்திருக்கிறது. சக்கரத்தில் எந்தப் பக்கமும் ஆட்டம் இல்லை. முன் இடது ஷாக் ஈரம். வலது காய்ந்திருக்கிறது. பின்னால் இரண்டும் காய்ந்துதான் இருக்கின்றன. ஒரு முன் ஷாக் மட்டும் மாற்றினால் போதுமா?

கிரீஸ்கை:
போதாது. முன் ஷொக் இரண்டும், லிங்க் இரண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பிறேக்கிலும் வளைவிலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். பின்னாலிருப்பவை இப்போதைக்கு இருக்கட்டும். ஷொக் கழற்றும்போதே மவுன்ட் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள், வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றினால் கூலி ஒரு தரம்தான். ஸ்பிரிங்கை அமுக்கக் கம்பிரஸர் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பி கட்டிச் சமாளிக்கிறவர் என்றால் வேறு கராஜ்.

லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறது என்றால் நெம்புகோல் போட்டு வெடிப்பைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினால், கார் நிலத்தில் இறங்கிப் பாரம் ஏறிய பிறகுதான் அந்தப் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரத்தில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மருதானைப் பக்கம்:
சரி, புதிதே வாங்கட்டும். ஷொக் கேவைபி (KYB), லிங்க் ஐந்நூற்று ஐம்பத்தைந்து (555) என்று பிராண்ட் பெயர் சொல்லிக் கேளுங்கள். செசி நம்பரைக் கொண்டு போங்கள், மொடல் பெயர் மட்டும் சொன்னால் மாறி வந்துவிடும். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் தமிழிலேயே சமாளிக்கலாம். நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, பெரும்பாலான கடைகள் பூட்டு. இன்று பின்னேரத்துக்குள் போய்விடுங்கள்.

மழைக்கால அக்கா:
மெக்கானிக் பாஸ் பேசுவது புரியாவிட்டால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டால் நான் சிங்களத்தில் கதைக்கிறேன்.

கோவைக்காரன்:
எழுதிவிட்டேன் அக்கா. சாமான் வாங்கக் கிளம்புகிறேன்.

கிரீஸ்கை:
கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லும் எழுதி வாங்குங்கள். சனிக்கிழமை விமான நிலையம் போகுமுன் ஒரு ரயர் கடையில் வீல் அலைன்மென்ட் பாருங்கள். வேலை அதற்குள் முடியாவிட்டால் நுவரெலியாவுக்கு வேன் பேசுங்கள்.