மறு: ‘வின்டரைஸ்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவன் நான். வந்த மடல்களை எல்லாம் அச்செடுத்து என் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். இந்தச் சொல் முதலில் வேண்டியிருப்பது அவருக்குத்தான். நாங்கள் ஒன்டாரியோவில் இருக்கிறோம். பழைய வீட்டுவண்டி (உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டி) ஒன்று வைத்திருக்கிறோம். அக்டோபரில் நன்றியறிதல் விடுமுறைக்குக் கடைசிப் பயணம் போய் வந்ததும் அதன் தண்ணீர் அமைப்பைக் குளிரில் உறைந்து உடையாதபடி முன்கூட்டியே ஒழுங்குசெய்து நிறுத்திவிட வேண்டும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘வின்டரைஸ்’ என்கிறார்கள். அந்த வேலையை இப்போது மாமனார்தான் செய்கிறார். ஈரோட்டுப் பக்கம் நெடுங்காலம் பம்புசெட் வேலை பார்த்தவர், கை தேர்ந்தவர். ஆனால் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். தலைப்பிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் அனுப்பிய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> குளிர்காலப்படுத்தல் என்பதே நேரான ஆக்கம்.

நவீனப்படுத்தல் என்றால் நவீனமாக ஆக்குவது, தூய்மைப்படுத்தல் என்றால் தூய்மையாக ஆக்குவது. வண்டியை நாம் குளிர்காலமாக ஆக்குவதில்லையே. படிப்பவருக்குச் செய்ய வேண்டியது எதுவும் இந்தச் சொல்லில் இல்லை.

> உறைபனிக் காப்பு. ஊட்டிச் செய்திகளில் ஏற்கெனவே உறைபனி புழங்குகிறது.

புழங்குகிறது, நல்ல சொல்லும்கூட. நீலகிரியில் முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்று இரண்டையும் பிரித்தே சொல்கிறார்கள். ஆனால் அங்கே உறைபனி என்பது புல்லின் மேலும் தேயிலை இலையின் மேலும் வெள்ளையாகப் படிவது. அதற்குக் காப்பு என்றால் செடியைத் தழை போட்டு மூடுவது. குழாய்க்குள் நடப்பது வேறு. மேலே ஒரு துளிப் பனி படியாத வறண்ட இரவிலும் உள்ளே தண்ணீர் உறையும். ‘உறைபனிக் காப்பு’ என்று படித்தவர் வண்டியின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம்.

> சுருக்கமாக உறைகாப்பு?

இது எனக்கும் பிடித்திருந்தது. மாமனாரிடம் சொன்னதும், “வண்டிக்கு உறை போடறதுங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டார். தலையணை உறை, கத்தி உறை என்று பழகிய காதுக்கு அதுதான் முதலில் வரும். இங்கே பலர் குளிர்காலத்தில் வண்டிக்கு உண்மையிலேயே உறை போடுகிறார்கள். ஆகவே குழப்பம் வெறும் கற்பனை இல்லை.

> முன்பனிக்காப்பு – பனிக்கு முன் செய்வது.

அழகான சொல். ஆனால் முன்பனி என்றால் நமக்கு மார்கழியும் தையும். ஒன்டாரியோவில் மார்கழி வரை காத்திருந்தால் குழாய் எப்போதோ போயிருக்கும். இங்கே இந்த வேலை ஐப்பசியில் முடிந்தாக வேண்டும்.

இனி என் பக்கம். என்ன நடக்கிறது என்று தெரியாமல் சொல் தேடினால் தவறான சொல்தான் கிடைக்கும் என்று எனக்குப் புரியவைத்தது எங்கள் முதல் வருட அனுபவம். அந்த வருடம் நானே வேலையைச் செய்தேன். நன்னீர்த் தொட்டியைத் திறந்து காலி செய்தேன். குழாய்களைத் திறந்து பம்பை ஓடவிட்டேன், காற்று வந்ததும் நிறுத்தினேன். குழாய்களையும் இறுக்கி மூடிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் தொட்டியை நிரப்பி பம்பைப் போட்டேன். எல்லாக் குழாய்களும் மூடியிருந்தால் அழுத்தம் ஏறியதும் பம்பு தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்புக்கு முன்னால் சின்ன வடிகட்டி ஒன்று, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளங்கையில் அடங்கும். அதில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு. கோட்டின் நெடுகத் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்து நின்றது. விரலால் துடைத்தேன், மறுபடி கோத்தது. குளியலறைக் கலப்புக் குழாயின் உட்பகுதியும் விரிசல் விட்டிருந்தது, கழிவறையில் தண்ணீர் விடும் வால்வும் விரிசல் விட்டிருந்தது. தொட்டி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. நான் காலி செய்ததாக நினைத்த அமைப்பில் மூன்று இடங்களில் ஆளுக்கொரு கரண்டித் தண்ணீர் தங்கியிருந்திருக்கிறது.

மாமனார் அந்தக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குளிர் ஒண்ணும் பண்ணலீங்க மாப்பிள்ளை. தண்ணி நிக்கற இடத்தைத்தான் உடைச்சிருக்குது. நிக்காம வடிச்சு விட்டிருந்தா எவ்வளவு குளிர் அடிச்சாலும் என்ன?” என்றார்.

இயற்பியலும் இதையேதான் சொல்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். 100 லிட்டர் தண்ணீருக்கு 109 லிட்டர் இடம் வேண்டும். குழாயின் ஒரு நுனியில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவில் உறையாத தண்ணீர் சிக்கிக்கொள்ளும். தண்ணீரை நசுக்க முடியாது, அழுத்தம் எகிறும், பலவீனமான இடம் வெடிக்கும். அதனால்தான் பல நேரம் பனிக்கட்டி இல்லாத இடத்தில் வெடிப்பு இருக்கும். தண்ணீரைத் தங்க விட்டதைவிட, குழாய்களை நான் இறுக்கி மூடியது பெரிய தவறு. திறந்தே விட்டிருக்க வேண்டும். கலப்புக் குழாய் என்றால் கைப்பிடியை நடுவில் வைத்துத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் சூடு, குளிர் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் வடிகாப்பு. வடித்துக் காப்பது. வடிகால் போல வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது. சோறு வடித்த யாருக்கும் ‘வடி’ என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் முழுக்க இறங்கும் வரை சாய்த்துப் பிடிப்பது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. காலி செய்தல் என்றிருந்தால் அது கிடைக்காது. நான் காலிதான் செய்தேன், வடிக்கவில்லை. குளிரைப் பெயரில் வைத்தால் எதிரி யார் என்று தெரிகிறது. வடிப்பதைப் பெயரில் வைத்தால் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. அலமாரிக் கதவில் ஒட்டும் சொல்லுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். வட அமெரிக்காவில் பலர் வடிப்பதோடு நிறுத்தாமல், குளிரில் குழாய் வெடிக்காமல் காக்கும் இளஞ்சிவப்பு நீர்மத்தைக் குழாயெங்கும் ஏற்றுகிறார்கள், அதுவும் வடிகாப்பா என்று கேட்கலாம். ஆம் என்பேன். வடிக்காமல் ஏற்றினால் மிச்சத் தண்ணீர் கலந்து நீர்மம் நீர்த்துப்போகும், காப்பு போய்விடும். எவ்வளவு வடித்தாலும் இறங்காத தண்ணீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்வதே அதன் வேலை. நாங்களும் இப்போது அப்படித்தான் செய்கிறோம். முதலில் வெந்நீர்க் கலன் ஆறிய பிறகு அதன் அடிச்செருகியைக் கழற்றி, உள்ளே இருக்கும் 23 லிட்டரை வடித்துவிடுகிறோம். அப்புறம் சுற்றுவழி வால்வைத் திருப்பி நீர்மம் கலனுக்குள் போகாமல் அடைக்கிறோம், இல்லாவிட்டால் கேன் கேனாகக் கொட்ட வேண்டும். பிறகு பம்பின் உறிஞ்சு குழாயை நீர்மக் கேனில் வைத்து, ஒவ்வொரு குழாயாக, சூடு ஒரு முறை, குளிர் ஒரு முறை, இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறக்கிறோம். கழிவறையும் வண்டிக்கு வெளியே இருக்கும் ஷவரும் மறந்துபோகிற இடங்கள்.

குளிர்காலத்திலும் வண்டியில் தங்குபவர்களுக்கு வடிகாப்பு பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் தொட்டியையும் குழாயையும் சூடாக வைத்து உறைய விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு உறைதடுப்பு சரியான பெயர். இரண்டும் வேறு வேலை, ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டாலும் நாம் பிரித்து வைத்துக்கொள்ளலாம். பேட்டரி, டயர், எலித்தொல்லை எல்லாம் சேர்ந்த மொத்த ஏற்பாட்டுக்குப் ‘பனிக்கால ஏற்பாடு’ என்றாலே போதும், அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

அடுத்து அந்த நீர்மம். ‘உறைதடுப்பி’ என்று மூவர் எழுதியிருந்தீர்கள். இதில் நான் கொஞ்சம் அழுத்தியே பேச வேண்டியிருக்கிறது. கேனின் மேல் கழித்தல் 50 ஃபாரன்ஹீட் என்று போட்டிருக்கும், அதாவது கழித்தல் 46 செல்சியஸ் அளவு. அது குழாய் வெடிக்காமல் இருப்பதற்கான எல்லை. நீர்மம் அதற்கு வெகு முன்பே உறையத் தொடங்கிக் கூழாகிவிடும். கூழ் நகர்ந்து கொடுக்கும், குழாயின் சுவரைப் பிளக்காது. ஆக, உறைவதை அது தடுக்கவில்லை, உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. பள்ளி வேதியியலில் உறைநிலைத் தாழ்வு என்று படித்தோமே, அதேதான். அதனால் உறைதாழ்த்தி என்கிறேன்.

அதோடு முன்னொட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். கார் எஞ்சினுக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு. குடிநீர்க் குழாய்க்கு ஏற்றுவது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால். நிறத்தை நம்ப முடியாது, எஞ்சின் நீர்மத்திலும் சிவப்பு, இளஞ்சிவப்பு உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, யாராவது கொட்டகையில் இருக்கும் கேனை எடுத்துக் குடிநீர்க் குழாயில் ஏற்றிவிட்டால்? குழாய் உறைதாழ்த்தி, எஞ்சின் உறைதாழ்த்தி என்று எப்போதும் சேர்த்தே எழுதுவோம். நீளம்தான், இருக்கட்டும்.

ஜெர்மனி நண்பர் கேட்டிருந்த தானியங்கி வால்வு பற்றி: ட்ரூமா நிறுவனத்தின் வெந்நீர்க் கலன் உள்ள வண்டிகளில் சுமார் 3 பாகை செல்சியஸுக்குக் கீழே போனதும் தானே திறந்து வெந்நீர்க் கலனை வடித்துவிடும், 7 பாகைக்கு மேல் சூடேறினால்தான் திரும்ப மூட முடியும் என்று விளக்கியிருந்தீர்கள். ‘தன்வடி வால்வு’ எனலாம். வால்வு அப்படியே இருக்கட்டும், குழாய் வேலை செய்பவர் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது கலனை மட்டும்தான் வடிக்கும் என்பதை விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, வண்டியின் அடியில் குழாய் வரிசையிலேயே தாழ்ந்த இடத்தில் இருக்கும் இரண்டு வடிவழிகள், ஒன்று வெந்நீருக்கு, ஒன்று தண்ணீருக்கு. நான் ‘தாழ்வாய்’ என்று எழுதினேன். அது தாவாங்கட்டையின் பழைய பெயர் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். மாமனார் யோசிக்கவே இல்லை, ஏரிக்கு இருக்கிற மாதிரி அடிமடைன்னு போடுங்க என்றார். எனக்கு இதைவிடப் பொருத்தமானது தோன்றவில்லை.

குறிப்பைச் சனிக்கிழமை எழுதி ஒட்டுகிறேன். வடிகாப்பு, குழாய் உறைதாழ்த்தி இரண்டுக்கும் மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். அடிமடையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். நேற்றே மாமனார் வண்டிக்கு அடியில் போய் இரண்டு மூடியிலும் மார்க்கரில் எழுதிவிட்டார்.