கலைச்சொல் வேண்டும்: யூட்டிலிட்டி இன்ஃபீல்டர்

அன்பு நண்பர்களே,

பேஸ்பால் வீரர் கில் மெக்டூகல்ட் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 1951 முதல் 1960 வரை நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஆடியவர். இரண்டாம் தளம், மூன்றாம் தளம், இவற்றுக்கு நடுவே உள்ள ஷார்ட்ஸ்டாப் மூன்றிலும் நிற்பார். இப்படிப் பல இடங்களில் ஆடுபவரைத்தான் 'யூட்டிலிட்டி இன்ஃபீல்டர்' என்கிறார்கள். தளங்கள் அமைந்த பகுதியான இன்ஃபீல்டுக்கு 'உட்களம்' சரி. 'யூட்டிலிட்டி'தான் சிக்கல். 'பயன்பாட்டு உட்களத்தர்' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ கருவியின் பெயர் போல இருக்கிறது.

*

தம்பி,

பல் + நிலை = பன்னிலை. லகரத்தின் முன் நகரம் வந்தால் இரண்டும் னகரமாகும், நன்னூல் என்ற பெயரே சான்று. 'நில்' என்ற வேரைப் பாருங்கள். ஆற்றில் கால் பாவும் ஆழம் நிலை, வாசற்கால் நிலை, தேர் வந்து நிற்குமிடமும் நிலை. ஓரிடத்தில் ஊன்றிக் காப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடையாது. '-காரர்' வேண்டாம், ஓட்டுநர், இயக்குநர் வரிசையில் ஆடுநர். ஆக, 'பன்னிலை ஆடுநர்'.

*

> பன்னிலை ஆடுநர்

ஐயா, தேர் நிலை எனக்கும் பிடித்தது. ஆனால் இன்று எட்டாம் வகுப்பில் எழுதிக் காட்டினேன். பாதிப் பிள்ளைகள் 'பன்னி இலை' என்று பிரித்தார்கள். 'பலநிலை ஆட்டக்காரர்' என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

*

இருவரும் நிலையையே பேசுகிறீர்கள். யூட்டிலிட்டி என்றால் பெரும்பாலும் பெஞ்சில் இருந்து, யாருக்காவது காயம் என்றால் இறங்குபவர். மெக்டூகல்ட் அப்படியா? 1951இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் அவர்தான். 1956 உலகத் தொடரில் யாங்கீஸ் பந்துவீச்சாளர் டான் லார்சன் எதிரணியில் ஒருவரையும் தளமேற விடாமல் வீசிய ஆட்டம் நினைவிருக்கும். எதிரணியின் ஜாக்கி ராபின்சன் அடித்த பந்து மூன்றாம் தளத்தில் நின்ற ஆன்டி கேரியின் கையில் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற மெக்டூகல்ட் அதை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்து ராபின்சனை அவுட்டாக்கினார். அவர் அங்கே இல்லாவிட்டால் லார்சனின் அந்த ஆட்டமே இல்லை. இப்படிப்பட்டவரை மாற்றாள் வாடை அடிக்கும் சொல்லால் குறிப்பது அநியாயம். 'பலநிலை' அதைத் தவிர்க்கிறது, சரி. பெஞ்சில் காத்திருப்பவருக்குத் தனிச்சொல் வேண்டும்.

அப்புறம், ஷார்ட்ஸ்டாப்பை 'குறுநிறுத்தி' ஆக்கிவிடாதீர்கள். அவர் எதையும் குறுக நிறுத்துவதில்லை.

*

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் 'பலநிலை ஆட்டக்காரர்' பக்கம் இருப்பதால் அதையே எழுதி இன்றிரவு அனுப்புகிறேன். ஷார்ட்ஸ்டாப் அப்படியே இருக்கும்.

*

அனுப்புங்கள் தம்பி. ஆனால் என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும். புணர்ச்சி தெரியாத பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே வகுப்பு இருக்கிறது? பெஞ்சில் இருப்பவருக்கான சொல்லை நாளை எழுதுகிறேன்.