தாத்தாவின் ஷேவிங் பிரஷ்

கார்த்தி: அத்தை, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்களே ஷேவிங் பிரஷ், அதை வெந்நீரில் ஊறவைத்திருக்கிறேன். கைப்பிடி வெண்ணெய் நிறத்தில் அவ்வளவு அழகு. நாளையிலிருந்து இதில்தான் ஷேவிங். சித்தப்பா, எந்த சோப்பு வாங்கலாம்?

சித்தப்பா: சோப்பு இருக்கட்டும் தம்பி. அதை முகத்தில் வைக்காதே. அக்கா, அப்பா அதை எப்போது வாங்கினார்?

ஏற்காடு அத்தை: அப்பா வாங்கியது இல்லப்பா. காபி எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்தது. துரையின் அப்பா வைத்திருந்ததாம்.

சித்தப்பா: அப்படியென்றால் முதல் உலகப் போர்க் காலத்துப் பிரஷாகவும் இருக்கலாம். அதுதான் என் பயம். அப்போது உசத்தியான பிரஷ் என்றால் பேட்ஜர் என்ற விலங்கின் முடிதான். போர் வந்ததும் அதன் வரத்து குறைந்தது. குதிரை முடியைப் பேட்ஜர் முடி போலவே செய்து விற்றார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்து, சவரக் காயம் வழியாக உடம்பில் ஏறியது. இறந்துபோனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பிரஷ்கள் பல ஜப்பானிலிருந்து வந்ததால், 1920-ல் இங்கிலாந்து ஜப்பான் பிரஷ்களின் இறக்குமதியையே தடை செய்தது.

கார்த்தி: நூறு வருடம் ஆகிவிட்டதே, கிருமி இன்னுமா இருக்கும்?

திவ்யா: இருக்கலாம் அண்ணா. மாடு ஆடுகளுக்கு வரும் அடைப்பான் நோய்தான் ஆந்த்ராக்ஸ். அந்தக் கிருமி ஸ்போராக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அதனால்தான் அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது என்று எங்கள் கால்நடை மருத்துவக் காலேஜில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உங்கள் பிரஷில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கார்த்தி: கிருமிநாசினியில் போட்டு எடுத்தால்?

திவ்யா: சாதாரணக் கிருமிநாசினிக்கு ஸ்போர் சாகாது. அந்தக் காலத்தில் 10 சதவீத பார்மலினில் 4 மணி நேரம் ஊறவைக்கச் சொன்னார்கள். அந்த நெடியே ஆபத்து, வீட்டில் செய்ய வேண்டாம். இப்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் அண்ணா.

சித்தப்பா: கொதிக்கவும் வைக்காதே. செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக் கைப்பிடியாக இருந்தால் சூட்டில் கோணிவிடும். பழைய முடியைக் குடைந்து எடுத்துவிட்டுப் புது முடி பொருத்துவதும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. ஆனால் குடையும்போது பறக்கும் தூசியை யார் சுவாசிப்பது? இதற்கு வேண்டாம்.

ஏற்காடு அத்தை: அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதே கண்ணு. அப்பா பத்திரமாக வைத்திருந்தது.

சித்தப்பா: போட வேண்டாம் அக்கா. காய்ந்ததும் கண்ணாடி டப்பாவில் மூடி ஷோகேஸில் வைக்கட்டும். கார்த்தி, நீ புதிதாக ஒரு பன்றிமுடி பிரஷ் வாங்கு. பிரஷ் ஷேவிங்கை மட்டும் விடாதே. டப்பா நுரையை அப்பிக்கொள்வதில் அந்தச் சுகம் வராது.

கார்த்தி: போன தடவை உங்கள் பிரஷில் செய்தபோது நுரையே வரவில்லையே?

சித்தப்பா: நம் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு சரியாக நுரைக்காது. மேட்டூர் தண்ணீரை ஒரு சொம்பு எடுத்து வை. பிரஷை இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, உதறிவிட்டு, சோப்பில் சுற்று. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர். நுரை தயிர் மாதிரி திரண்டு நிற்க வேண்டும், குமிழி தெரிந்தால் இன்னும் சுற்று. கன்னத்தில் வட்டமாகத் தேய்த்தால் முடி நனைந்து நிமிரும். பிளேடை அழுத்தாமல் முடி வளரும் போக்கிலேயே இழு. கடைசியில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் படிகாரம். புதுப் பிரஷில் முதலில் சில முடி உதிரும், கொஞ்சம் நாறும். பழகப் பழக நுனி பிளந்து மிருதுவாகும்.

ஏற்காடு அத்தை: உங்கள் மாமாவுக்கும் ஒன்று வாங்கி அனுப்பப்பா. இங்கே பனியில் எதுவும் காய்வதில்லை, பழையது பூசணம் பிடித்துவிட்டது.

சித்தப்பா: அவருக்கு சிந்தெடிக் முடி வாங்குகிறேன் அக்கா, சீக்கிரம் காயும். கழுவி உதறி, பாத்ரூமுக்கு வெளியே காற்றுப் படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.