மாணிக்கத்தின் வெப்பநிறப்பெயர்ச்சி

மாசூட்டிய (வேற்றுத் தனிமம் சிறிதளவு கலந்த) படிகங்கள் சூடேறுகையில் நிறம் வேறுபட்டு, ஆறியதும் பழைய நிறத்திற்கே திரும்புவதை ‘வெப்ப நிறமாற்றம்’ என்று குறிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கொள்ளிடக் கரைக் காளவாயில் வேகும் செங்கல்லும் வெப்பத்தால்தான் நிறம் மாறுகிறது. ஆனால் வண்டலிலுள்ள இரும்புச் சேர்மங்கள் ஹேமடைட் என்னும் சிவப்பு இரும்பு ஆக்சைடாகிவிடுவதால் அந்தச் சிவப்பு ஆறிய பின்னும் போவதில்லை. இரண்டிற்கும் ஒரே பெயரிட்டால் மாணவர் குழம்புவர்.

கும்பகோணத்து நகைப்பட்டறையில் செயற்கை மாணிக்கம் பதித்த மோதிரத்தைப் பற்றவைக்கும்போது, தீ படப்படக் கல்லின் சிவப்பு மங்கிச் சாம்பல் பூத்துப் பச்சைச் சாயல் கொள்வதையும், ஆற ஆறச் சிவப்பு ஊறிவருவதையும் காணலாம். புதிதாக வேலை பழகுபவர் பதறுவார், ஆசாரி பதறமாட்டார். (ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸுக்கு மேல் திடப்பொருள்கள் தாமே ஒளிர்வது வேறு, அதனை இங்கே கலக்கலாகாது.)

தூய குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு, நிறமற்றது. அதில் நூற்றுக்கு ஒன்று அளவில் அலுமினியத்தின் இடத்தைக் குரோமியம் பிடித்தால் மாணிக்கம் ஆகிறது. குரோமிய அயனி சற்றே பெரியது என்பதால், நெருக்கமான அவ்விடத்தில் சூழ்ந்துள்ள ஆக்சிஜன்கள் அதனை வலுவாக அழுத்துகின்றன; அதனால் 400, 550 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய ஊதாவும் பச்சையும் உட்கவரப்பட்டுச் சிவப்பு வெளிவருகிறது. சூடேறிப் படிகம் விரிகையில் இறுக்கம் தளர்ந்து, உட்கவர் பட்டைகள், அதாவது உட்கவரப்படும் அலைநீள வரம்புகள், நெட்டலைநீளப் பக்கம் நகர்கின்றன. தடைப்பட்டிருந்த பச்சைக்கு வழி பிறக்கிறது. நெருக்கடி குறைந்த தூய குரோமியம் ஆக்சைடு பச்சையாகவே இருப்பதும் இதற்குச் சான்று.

ஆக, இங்கே நடப்பது பட்டை இடம்பெயர்வதே. எனவே ‘வெப்பநிறப்பெயர்ச்சி’ என்பதை முன்வைக்கிறேன். வானியலில் ஒளி நெட்டலைநீளப் பக்கம் நகர்வதைக் குறிக்கச் ‘செம்பெயர்ச்சி’ ஏற்கெனவே வழங்குவதால் அலைநீள நகர்வைச் சுட்டப் ‘பெயர்ச்சி’ என்ற சொல் புதிதன்று. ஆலங்குடியும் திருநள்ளாறும் அருகிலிருக்க, பெயர்ச்சி என்றாலே குருவும் சனியும் நினைவுக்கு வருமே என்று சிலர் நகைக்கலாம். வரட்டும், அங்கும் பொருள் இடம் நகர்தல்தானே.

துத்தநாக ஆக்சைடை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அது சூட்டில் மஞ்சளாகி ஆறியதும் வெளுப்பதாயினும், ஆக்சிஜனைச் சிறிது இழப்பதே அந்நிறத்திற்குக் காரணமாகப் பாடநூல்கள் கூறுகின்றன. அதற்கு ‘மீள் நிறமாற்றம்’ பொருந்தும்.