மறு: ‘கடும் இடிப்புயல் இடர்நேர்வு’ – சொல் மாற்றலாமா?

அண்ணாச்சிக்கு வணக்கம். அமெரிக்கக்காரர்களின் ‘severe thunderstorm risk’ வானிலை அறிவிப்பைப் பார்த்து நீங்கள் வைத்த தமிழ்த் தலைப்பு இது:

> பல்வட்டாரக் கோடைக்காலக் கடும் இடிப்புயல் இடர்நேர்வு முன்கணிப்பு

ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தேன், முடியவில்லை. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘புயல்’தான் உதைக்கிறது. கடலோரத்து உவரியிலோ கூடுதாழையிலோ போய்ப் புயல் என்றால், வங்கக் கடலில் சின்னம் உருவாகிவிட்டது, துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். சித்திரை மாதச் சாயங்காலம் மலையடிவாரத்தில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர் ஆகாது.

சரி, ‘இடிமழை’ என்று வைக்கலாமே என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். அமெரிக்கக்காரர்கள் ‘கடும்’ என்று முத்திரை குத்துவதற்கு மழையளவைப் பார்ப்பதே இல்லை. காற்று மணிக்கு சுமார் 93 கிலோமீட்டரைத் தொட வேண்டும், அல்லது ஆலங்கட்டி ஓர் அங்குலப் பருமன் இருக்க வேண்டும், அல்லது டொர்னாடோ என்கிற சுழல்காற்று இறங்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். மின்னலும் கணக்கில் இல்லை. (இடி விழுந்து தலை கருகிய பனைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.)

மழையை விட்டதில் நியாயம் உண்டு. போன சித்திரையில் களக்காட்டில் மச்சானுடைய கைபேசிக்கு ‘மிதமான மழைக்கு வாய்ப்பு’ என்று செய்தி வந்தது. ஒரு தண்ணீர் பாய்ச்சுவது மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். சாயங்காலம் மேற்கே கருத்தது, பத்து நிமிடம் காற்று, நாலு தூத்தல், அவ்வளவுதான். காலையில் போய்ப் பார்த்தால் தார் தள்ளின ஏத்தன் வாழை பாதிக்கு மேல் இடுப்பில் முறிந்து, முட்டுக் கம்போடு சாய்ந்து கிடக்கிறது. காய் முக்கால் விளைச்சல்கூட ஆகவில்லை. “மழைக்குத்தான வாய்ப்புன்னு சொன்னாவ, காத்த யாரு சொன்னா?” என்றார்.

ஆகவே என் யோசனை: சாதாரணமானது இடிமழை, கடுமையானது ‘இடிச்சூறை’. சூறைக்காற்று எல்லாருக்கும் தெரிந்த சொல். சூறையாடுவதும் அதற்குள்ளேயே கேட்கிறது. ஆலங்கட்டி இதில் அடங்காதே என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நம் பக்கம் அது அபூர்வம் என்பதால் தப்பித்துக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த ‘இடர்நேர்வு’. அமெரிக்காவில் ஓக்லகோமாவின் நார்மன் ஊரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம் ஐந்து நிலைகள் வைத்திருக்கிறது. நேரே பெயர்த்தால் விளிம்பு, சிறிது, மேம்பட்ட, மிதமான, உயர் என்று வரும். மேம்பட்டதற்கு மேலே மிதமானது! முதலில் மூன்றுதான் இருந்தன. 2014-ல் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று செருகியதால் வந்த வினை. ஆங்கிலத்திலேயே குழப்பும் பெயர்களை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அவர்களே பக்கத்தில் 1 முதல் 5 வரை எண்ணும் போடுகிறார்கள். நமக்கு ‘படி’ போதும். ஏறுவதும் படி, அளப்பதும் படி.

‘பல்வட்டார’ வேண்டவே வேண்டாம், ஊர்ப் பெயரையே எழுதலாம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ‘சிறிது’ என்பது, ஆலங்கட்டியை எடுத்துக்கொண்டால், ஓர் இடத்தைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் எங்காவது அது விழ 100-க்கு 15 வாய்ப்பு என்று அர்த்தம். அம்பாசமுத்திரத்தை நடுவில் வைத்தால் நெல்லையும் தென்காசியும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். குறிப்பிட்ட ஒரு வயலில் விழுவதற்கான கணக்கு அல்ல அது.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“இன்று பிற்பகல் இடிச்சூறை: களக்காடு, திருக்குறுங்குடி மூன்றாம் படி; நாங்குநேரி இரண்டாம் படி; கடலோரம் ஒன்றாம் படி.”

இதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். சொல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “எத்தனாம் படின்னா விளைஞ்ச தார வெட்டிரலாம்?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை களக்காடு போகிறேன். இன்னும் நாலு வாழைக்காரர்களிடம் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.