ஒரு பிட் மாறிய கோப்புகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய கணக்காய்வு அலுவலகம் ஒன்றில், ஒன்பது பேர் ஒரே சேர்வரின் பகிர்வுக் கோப்புறையில் வேலை செய்கிறோம். "அண்ணா, போன வருசத்து பைல் ஒண்டு திறக்குதில்லை" என்று உடன் பணியாற்றும் தங்கை சொன்னபோது, நான் மின்தடையையே சந்தேகித்தேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இதே சேர்வர் பலமுறை திடீரென அணைந்திருந்ததால், அந்த எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. யூபிஎஸ் மின்கலத்தையும் பிறகு கேபிள்களையும் சுவிட்சையும் மாற்றினோம். பயனில்லை.

ஆண்டு முடிவில் யாரும் திருத்தாமல் வேறு கோப்புறைக்குப் படியெடுத்த எக்செல் கோப்பு அது. மூலப் பிரதியோடு அதை, இரு கோப்புகளை ஒப்பிடும் எஃப்சி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டபோதுதான் என் கணிப்பு தவறென்று தெரிந்தது. மின்சாரம் போய்க் கெட்ட கோப்பு பெரும்பாலும் பாதியில் அறுந்திருக்கும், அல்லது அதன் ஒரு பகுதி சுழியங்களால் நிரம்பியிருக்கும். இதுவோ அளவு மாறாமல், ஒரே பைட்டில், அதிலும் ஒரே பிட்டில், அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கத்தில் மட்டும் வேறுபட்டிருந்தது. வலையமைப்பை முற்றாக விலக்கி, சேர்வரிலேயே அமர்ந்து, பெரிய காப்புக் கோப்பொன்றுக்கு ஷா-256 மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்ணை, மூன்று முறை கணக்கிட்டேன். ஒரே கோப்புக்கு ஒரே மதிப்புத்தான் வரவேண்டும்; மூன்றும் வெவ்வேறாக வந்தன. அன்றிரவு மெம்டெஸ்ட் என்ற நினைவகச் சோதனை நிரலை ஓடவிட்டதில், சேர்வரின் இரண்டு ரேம் நினைவகங்களில் ஒன்று பழுதென்று உறுதியானது.

ரேமை மாற்றியது பத்து நிமிட வேலை. என்னை உண்மையில் கலங்கவைத்தது அதற்குப் பின் தெரிந்த விடயம். எக்செல் கோப்பு உள்ளே ஒரு ஸிப் கோப்பு. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சிஆர்சி-32 சரிபார்ப்பு எண் இருப்பதால், ஒரு பிட் மாறினாலும் அது முறையிடும். ஸ்கேன் செய்த ஜேபெக் படங்களில் அத்தகைய காவல் இல்லை. அவை பழுதாகியும் மௌனமாகத் திறந்தன. அன்றாடக் காப்பும் அந்தப் பழுதையே நல்ல பிரதியின் மேல் எழுதிக்கொண்டிருந்தது. கழற்றி அலுமாரியில் வைத்திருந்த பழைய வெளி வட்டு ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது. அதிலிருந்த ஒவ்வொரு கோப்பின் ஷா மதிப்பையும் சேர்வரிலுள்ளதோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மீட்டோம்.

இரண்டு படங்களுக்கு எங்கும் நல்ல பிரதி கிடைக்கவில்லை. வாடிக்கையாளரிடம் நேரில் சென்று நடந்ததைச் சொல்லி, மூலப் பற்றுச்சீட்டுகளை வாங்கிவந்து மீண்டும் ஸ்கேன் செய்தோம்.